நான்தாம்மா நிலா

குன்றத்தூர்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள நிலா அப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். மஸ்கட்டில் இப்போது வெயில் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நிலாவுக்குச் சளி விட்டுவிட்டது. ஒரு மாதமாக நெட் இல்லை, சார்ஜ் இல்லை என்று சாக்குச் சொல்லி வீடியோ காலில் வராமல் இருக்கிறேன். உங்கள் மேல் கோபமில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரகடத்தில் அதே செக்கிங் வேலைதான். கார் விளக்கை லென்ஸுக்கு அடியில் வைத்து விளிம்பு, திருகு, கீறல் என்று பார்ப்பேன். முழு விளக்கைப் பார்க்க நேரமிருக்காது. ஆட்களையும் துண்டு துண்டாகப் பார்ப்பது அந்தப் பழக்கம்தான் என்று முதலில் நானே சிரித்துக்கொண்டேன்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள் அக்கா வாசலில் வந்து நின்றார். மூக்குத்தி, நரைத்த புருவம், உதட்டோர மச்சம் எல்லாம் தெரிந்தன. யார் என்றுதான் தெரியவில்லை. "இன்னா மேரி, பேயப் பாத்த மாரி நிக்கிற?" என்று கேட்டாரே, அந்தக் குரலில்தான் கண்டுகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளி வேனிலிருந்து இறங்கிய பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பேசியபடி நடந்தேன். டீக்கடை தாண்டியதும் நிலா அழுதுகொண்டே பின்னால் ஓடி வந்தாள். "அம்மா, அது என் கிளாஸ் செந்தாமரைம்மா! கூப்பிடக் கூப்பிடப் போய்க்கினே கீற!" என்றாள். லாரி இரைச்சலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. நான் பிடித்திருந்த பிள்ளை கையை உருவிக்கொண்டது. "ஆன்ட்டி என்னிய நிலா நிலான்னு கூப்ட்டாங்க, பயந்துட்டேன்" என்றது.

கண்ணில் கோளாறு இல்லை, பார்த்ததையெல்லாம் ஓர் ஆளாகச் சேர்த்துக் காட்டுவது மூளைதான், அங்கேதான் ஏதோ கோளாறு என்கிறார் டாக்டர். வருகிற வெள்ளிக்கிழமை ஸ்கேன். வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன்.

இப்போது நிலா பாத்ரூம் போய்விட்டு வந்தால்கூட, "நான்தாம்மா நிலா" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வருகிறாள். ஏழு வயதுப் பிள்ளை. சொல்ல மறந்து வந்தால் நான் பயந்து எழுந்துவிடுகிறேன்.

நேற்று நம் கல்யாணப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். மீசை உங்களுடையது, காது உங்களுடையது. ஆனால் அங்கே நீங்கள் இல்லை. பக்கத்தில் மாலையோடு சிரிக்கிற பெண்ணும் யாரோ.

ஒரு வாரமாவது லீவு கேட்டு வாருங்கள். ஏர்போர்ட்டில் நான் உங்களைத் தாண்டிப் போனால் மனம் நோகாதீர்கள். மேரி என்று ஒரு தரம் கூப்பிடுங்கள், நின்றுவிடுவேன். மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
அந்தோணிமேரி