மருந்தடிக்காத பாதி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே இரண்டு பேரும் நன்றாகவே இருக்கிறோம், என் முழங்காலைத் தவிர, அது எப்போதும் தனிக்கட்சிதான். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம் என்று நம்பித்தான் மேலே எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்தின் சூழலியல் வேளாண்மை மையத்தார் நம் முட்டைக்கோஸ் வயலைக் கயிறு கட்டி இரண்டாகப் பிரித்தார்கள் இல்லையா, ஒரு பாதியில் வழக்கம்போல் பூச்சிமருந்து அடிக்கலாம், மறு பாதியில் ஒரு சொட்டும் விழக்கூடாது, புழுவைத் தின்கிற பூச்சிகள் தாமாக வரும் என்று ஏற்பாடு. செவ்வாய்தோறும் ஒரு ஆராய்ச்சிப் பெண் வந்து வரப்பில் குப்புறப் படுத்துப் புழு எண்ணுவாள். உன் அப்பா அவளுக்குப் புழு டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார், அவளும் அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள். இந்தமுறை மருந்தடிக்காத பாதியில் ஒவ்வொரு கோஸும் குழந்தைத் தலை அளவு. அவளுக்குக் கால் தரையில் படவில்லை. பேராசிரியரே வந்து அப்பாவின் கையைக் குலுக்கி, மையத்தில் நடக்கும் கூட்டத்தில் நீங்களே பேசவேண்டும் என்றார். அன்றிலிருந்து அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றுக் கோளாறு என்று நினைத்து மாத்திரை கொடுத்தேன். நான்காம் நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, நான் அடிச்சுட்டேன் என்றார். யாரை என்று பதறிப்போனேன். கோஸுக்கு மருந்து என்றார்.

நான் பல் பிடுங்கப் போன அன்று நடந்திருக்கிறது. மருந்து விழக்கூடாத பாதியில் இலையெல்லாம் சல்லடையாகிவிட்டதாம், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லையாம், ஒரே ஒரு தடவைதானாம். ஒரு தடவை என்பதை மூன்று தடவை சொன்னார். பேசாமல் இருங்கள், கோஸ் என்ன வாயா திறக்கப்போகிறது என்றேன். தப்புதான், ஆனால் அப்படித்தான் சொன்னேன். அவர், அந்தப் பொண்ணு பேச்சை நம்பி நாலு பேர் மருந்தை நிறுத்திட்டுப் பயிரைப் புழுவுக்குக் குடுத்துட்டு நிப்பாங்க, அது என் தலையில விடியும் என்று சொல்லிவிட்டு முகச்சவரம் செய்யப் போனார்.

அவளிடமே சொல்ல மையத்துக்குக் கிளம்பினார், நானும் கூடப் போனேன். அவள் அறையில் அலமாரி முழுக்கப் பாட்டிலில் மண், உட்கார வேண்டிய நாற்காலியில் காய்ந்த இலைப் பைகள். அப்பா நின்றபடியே சொல்லி முடித்தார். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, எந்தத் தேதி, எவ்வளவு அடிச்சீங்க, காத்து எந்தப் பக்கம் என்று கேட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு, என் ஒரு வருஷம் போச்சு ஐயா என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போனவள் வர வெகுநேரம் ஆயிற்று. சிவந்த கண்ணோடு வந்து, அடுத்த நடவுக்கும் நிலம் குடுப்பீங்களா, ஆனா மருந்து ரூம் சாவி என்கிட்டதான் இருக்கும் என்றாள். அப்பா அங்கேயே சாவியைக் கழற்றிக் கொடுத்தார். இப்போது நம் சொந்தப் பாதிக்கு மருந்தடிக்கவும் பல்கலைக்கழகத்துக்குப் போன் போடவேண்டியிருக்கிறது. கூட்டத்தில் அவர் பேசவில்லை, அவளே மேடையேறி நடந்ததைச் சொன்னாளாம்.

மறுபடி நட்டாயிற்று, புழுவும் வந்தாயிற்று. அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரப்பில் நிற்கிறார். நேற்று ஒரு குளவி புழுவைத் தூக்கிப்போனதாம், சாப்பாடு ஆறுகிற வரை பார்த்துவிட்டு வந்தார். ஒரு குளவிதானே என்றேன். அது போய் மத்ததுங்களுக்கு வழி சொல்லும் என்றார்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய், கோஸ் எப்படி என்று மட்டும் கேள், இதை நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, அவரே சொல்வார்.

உன் அம்மா