சுவரில் என் பெயர்

மொனோப்போலி
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கோஞ்செத்தா அண்ணிக்கு,

நலமா என்று கேட்கும் நிலையில் நீங்களும் இல்லை, நானும் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்காமல் என் பெயரைச் சுவரில் ஒட்டச் சொன்னது யார் என்று உங்களுக்குத் தெரியுமா?

நாற்பத்தோரு வருஷத்தில் பாரி நகரத்து உப்பு நெத்திலிக் கடையைச் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் விட்டு வந்தவனில்லை நான். இந்த மே மாதம்தான் என் வீட்டுக்காரி நுன்சியாவின் நச்சரிப்புத் தாங்காமல் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். அவசரமில்லாமல் கடலோரமாகவே ஊர் ஊராய்ப் போவது, கைபேசி கடை மேசைக்குள்ளேயே கிடப்பது, இரண்டும் அவள் போட்ட நிபந்தனை. மகளுக்கு அவ்வப்போது ஒரு தபால் அட்டை, அவ்வளவுதான். வியெஸ்தேயில் பத்து நாள், திரானியில் இரண்டு வாரம். எந்த ஊரிலும் நுன்சியா முதலில் போய் நிற்பது மரண அறிவிப்பு ஒட்டிய சுவரின் முன்னால். முன்பின் தெரியாத ஊரில் யார் போனால் உனக்கென்ன என்று திட்டுவேன்.

ஞாயிறு மாலை இங்கே, அண்ணனும் நானும் பிறந்த ஊரில், வைக்கோல் தொப்பியும் கையில் பிஸ்தா ஐஸ்கிரீமுமாக உலாத்திக்கொண்டிருந்தேன். அன்று பார்த்து அவள் செருப்புக் கடையில் நின்றுவிட்டாள். எதிர்ச் சாரியிலிருந்து மீன்கார ஒரோன்சோ கத்தினான்: "அடேய் கோசிமோ! அண்ணன் போயி மாசம் ஆகப்போவுது. அந்தப் போஸ்டருக்குக் கீழயே நின்னு ஐஸ்கிரீம் நக்குறியே, இதான் உன் ஆறாத் துயரமா?"

திரும்பிப் பார்த்தேன். வீத்தோ லஃபோர்ஜா, வயது எழுபத்து நான்கு. முப்பதாம் நாள் பூசை, வரும் ஞாயிறு மாலை ஆறு மணி, கல்லிப்போலி. கீழே நீங்கள், பிள்ளைகள். எல்லோருக்கும் மேலே, முதல் வரியில்: ஆறாத் துயரில் தம்பி கோசிமோ.

அண்ணன் செத்துப்போனதை ஒரு மீன்காரன் வாயால், ஐஸ்கிரீம் மணிக்கட்டில் வழிய வழியத் தெரிந்துகொண்டேன். தெருவே சிரித்தது. நான் வாயில் போட்டுப் பார்க்காத நெத்திலிப் பீப்பாயில் என் முத்திரை விழாது, அண்ணி. என் துயரத்துக்கு மட்டும் யார் வேண்டுமானாலும் முத்திரை குத்தலாமா?

நேற்றுக் காலை அச்சகம் திறக்கும் முன்பே போய் நின்றேன். அந்த வரியை எடுத்துவிட்டுப் புதிதாக அடி, ஊர் முழுக்க மேலே ஒட்டு என்று தொனாத்தோவிடம் சத்தம் போட்டேன். அவர் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. "கத்தாதேய்யா. இது உங்க அண்ணி குடுத்த வாசகம் இல்ல. ஏப்ரல்ல உங்கண்ணனே ஆஸ்பத்திரியிலேருந்து போன்ல சொன்னாரு. ரெண்டு தடவ படிச்சுக் காட்டச் சொன்னாரு. தம்பி பேரு மொத வரியில வரணும்னாரு" என்றார். அதோடு விட்டாரா? "உங்கம்மா போஸ்டருக்கு நீயும் இதே மேசையிலதான் நின்ன. அண்ணன் பேரு விட்டுப்போச்சேன்னு நான் ரெண்டு தடவ கேட்டேன். விட்டது விட்டதுதான்னு ரெண்டு தடவையும் நீதான் சொன்ன."

சொன்னேன். இல்லை என்று சொல்லமாட்டேன். அம்மா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது அவர் படகோடு நடுக்கடலில் இருந்தார். வர முடியவில்லையா, வர மனமில்லையா என்று நான் விசாரிக்கவில்லை. பெற்ற தாயின் போஸ்டரில் மூத்த மகன் பெயர் இல்லாமல் செய்தேன். அதற்காகப் பதினோரு வருஷம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, ஒரு மனிதர் இப்படியா பழி வாங்குவது? வாசலில் வந்து நின்று நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். நானும் திட்டியிருப்பேன். இப்போது நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

போனில் பேசினால் கத்திவிடுவேன் என்று நுன்சியாதான் எழுதச் சொன்னாள். நாளை தொனாத்தோவின் வண்டி உங்கள் ஊருக்கு வருகிறது. அதில் கொடுத்தனுப்புகிறேன். அதே வண்டியில் இன்னொரு போஸ்டரும் வரும். அம்மாவின் நினைவு நாளுக்கு. மகன்கள் வீத்தோ, கோசிமோ. அவர் பெயர்தான் முதலில். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

ஞாயிறு ஆறு மணிக்கு வந்துவிடுவோம். முகம் திருப்பிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் முதல் வரியில் இருப்பவன் எங்கே என்று ஊர் தேடும், அண்ணி. நான் எங்கே நிற்கட்டும் என்று நீங்களே காட்டுங்கள். தூண் மறைவு என்றாலும் சரி.

கடவுள் உங்களையும் பிள்ளைகளையும் காக்கட்டும்.

உங்கள் கொழுந்தன்,
கோசிமோ