கடுகு வயலின் நடுவழி

மே 4

வேலியைத் தாண்டும் மரப்படியில் அடித்திருக்கும், பொதுவழியைக் காட்டும் மஞ்சள் அம்பு திரும்பியிருக்கிறது. நேற்று வரை வயலின் நடுவைக் காட்டியது. இன்று ஓரத்தை. ஆணி மட்டும் புதுசு.

பப்புக்குத் திரும்பி வந்து நாய் டிக்கரின் காலைத் துடைத்துக்கொண்டே முதலாளியம்மா நோரீனிடம் சொன்னேன். எதையும் நானாகப் போய்ச் சொல்கிற ஆள் இல்லை நான். சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

"பிராசர் வேலைதான்" என்றாள். "ஊரே நடக்க உரிமையுள்ள பொதுவழி நடுவுலதான் போகுது. அதுமேலயே கடுக வெதச்சுட்டு, இப்ப அம்பையும் திருப்பிட்டானா? நாளையிலேருந்து நீ நடுவுல பூந்து போ. நாயையும் கூட்டிட்டுப் போ. மிதிக்க மிதிக்கத் தடம் விழும்."

நடப்பது நான். நோரீன் பப்பை விட்டு வெளியே வர மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வருவதே இந்தச் சுற்றுக்காகத்தான். பப் வாசலில் கிளம்பி, சர்ச்சுக்குப் பின்னால் ஏறி, பிராசர் வயலைக் கடந்து, ஆற்றோரமாகவே திரும்பிவிடலாம். பசியோடு வந்து உட்கார்ந்து வறுத்த மாட்டிறைச்சி கேட்பார்கள். வழி போனால் அவர்களும் போவார்கள். தட்டு கழுவ நான் எதற்கு?

மே 6

நடுவில் இறங்கினேன். பயிர் நெஞ்சு வரை. எல்லாம் ஈரம். பாதி தூரம் போவதற்குள் பேன்ட் முழுக்க மஞ்சள். டிக்கரின் வால் நுனி மட்டும் தெரிந்தது.

பிராசர் தன் நாலுசக்கர வண்டியை வேலியோரம் நிறுத்திக் கத்தினார்.

"ஏய் நெஸ்டா! உனக்கும் உங்கம்மாவுக்கும் தலைக்கு மேல இருக்குற கூரை யாருதுன்னு போய்க் கேளு!"

கேட்கவே தேவையில்லை. அம்மா அவரிடம் பால் கறக்கிறாள். அந்த வேலையோடு வந்த வீடு இது. வேலை போனால் வீடும் போகும்.

வீட்டில், நான் கேட்காமலே அம்மா ஆரம்பித்தாள். "ஓரமாப் போனா உன் காலு தேஞ்சா போயிடும்?"

"நோரீன்தான் சொல்றா."

"நோரீன் வீடு குடுப்பாளா? பப் மாடியில ஒரு அறை காலியாத்தான் கெடக்கு. கேட்டுப் பாரேன்."

மே 7

ஓரமாகப் போனேன்.

கை நிறையக் கடுகுப் பூவைப் பறித்து வந்து, நடுவில் போன மாதிரி, பப்புக்குள் நுழையும் முன் பேன்ட்டில் தேய்த்துக்கொண்டேன். நோரீன் பார்த்துவிட்டு, "சபாஷ்" என்றாள்.

மே 11

இன்றும் பூவைத் தேய்த்தேன். கையிலிருந்து அதன் முட்டைக்கோஸ் வாடை போகவே மாட்டேன் என்கிறது. எல்லோரையும் வெறுக்கிறேன். நாயைத் தவிர.

மே 15

பிராசர் ஓரத்தில் நின்றிருந்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டவில்லை. போனைத் தூக்கிப் பிடித்து, "நல்ல பொண்ணு. இப்படித்தான் இருக்கணும்" என்றார்.

இதுவரை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை அவர். உள்ளங்கால் வரை கூசியது.

மே 21

பப்பின் பின்னறையில் ஊர்க்கூட்டம். தேநீர்த் தட்டு சுமந்தது நான்தான்.

பிராசர் எழுந்தார். பொதுவழியை யாரும் நடப்பதில்லை, மூடிவிடலாம் என்று கவுன்சிலுக்கு எழுதிப் போட்டிருக்கிறாராம். திங்கட்கிழமை ஆள் வந்து பார்க்கப்போகிறார்களாம். பிறகு போனை மேசை மேசையாகக் காட்டினார். நான், டிக்கர், வேலியோரம். இன்னொரு நாள். அதே நான். குனிந்த தலை.

"பப்புக்காரம்மாவோட வேலைக்காரப் பொண்ணே நடுவுல போறதில்ல. அப்புறம் யாருக்கு வேணும் இந்த வழி?"

"ஓரமாவாவது விடுவீங்கல்ல?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஓரம் என் சொந்த நெலம். பொதுவழி இல்ல. அதுல கால் வச்சதே அத்துமீறல்தான். பாவம்னு விட்டு வச்சேன்."

சிரித்தார்கள். அப்படியானால் நான் பணிந்து போனதுதான் தப்பு வழி. அவர் கத்தின இடம்தான் என் வழி. மரமண்டை — அம்பைத் திருப்பினபோதே புரிந்திருக்க வேண்டாமா?

நோரீன் என்னையே பார்த்தாள். "பேன்ட்டுல மஞ்சள் எப்படிடி வந்துச்சு?"

காலிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கத் தொடங்கினேன்.

"அது பேசாது" என்றார் பிராசர். "பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான். அதனாலதான் பாதியில நின்னுச்சு."

அது.

கதவைச் சாத்தும்போது நோரீன் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமைக் கூட்டம் நின்னா மொதல்ல உன்னத்தான் நிறுத்துவேன். தெரிஞ்சுக்கோ."

மே 22

அம்மாவுக்கு விஷயம் மாட்டுத்தொழுவத்திலேயே வந்துவிட்டது. பிராசரே சொல்லிச் சிரித்தாராம்.

"என்னன்னு சொன்னாரு?"

"உனக்கு வாயே இல்லன்னு." கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தாள். "எங்கிட்ட. என் முகத்தப் பாத்து."

"வீடு போயிடுமாம்மா?"

"போகலாம்."

அவ்வளவுதான். பொட்டலத்து மீன்துண்டு வறுவலும் பட்டாணியும் சாப்பிட்டோம். பட்டாணி வேகவில்லை.

படுக்கப் போகும் முன், பால் கறக்கும்போது போடுகிற ரப்பர் கால்சட்டையைக் கொண்டுவந்து என் நாற்காலியில் எறிந்தாள். "உன் பேன்ட் காயல. இத மாட்டிட்டுப் போ."

எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு இன்னும் கோபம்தான். யார்மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

மே 23

மழை. கால்சட்டை பெரிசு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டேன்.

பிராசர் வண்டியில் உட்கார்ந்திருந்தார், போன் கையிலேயே. நான் மரப்படியில் ஏறினதும் தூக்கிப் பிடித்தார். அம்பு ஓரத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. நான் நடுவில் இறங்கினேன்.

"ஏய்! உங்கம்மா நெனப்பு இருக்கா உனக்கு?"

இருந்தது. திங்கட்கிழமை வருகிறவர்களுக்குத் தடம் தெரியட்டும் என்று, பயிரைக் காலால் ஒதுக்காமல் மிதித்தே நடந்தேன். டிக்கர் பின்னால் வந்தது. வயலின் மறுகோடி மரப்படி வரை போய்த் தொட்டேன்.

ஆற்றுப் பக்கம் இறங்கவில்லை. திரும்பி, விழுந்த தடத்திலேயே, அவரை நோக்கி மறுபடி நடந்தேன்.