மூன்று வாரமாக வராதவள்

அக்டோபர் 6, திங்கள்

பட்டியல் வந்துவிட்டது. கல்லூரிக்கு வராதவர்கள், தேர்வில் தடுமாறுகிறவர்கள் என்று முப்பத்தொரு பேர். ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுப் பேசி, படிப்பை விடாமல் பார்த்துக்கொள்வதுதான் மாணவர் உதவி அறையில் எனக்கு வேலை. பெயரை எங்கும் எழுதக் கூடாது என்பது விதி, ஆகவே இங்கேயும் வரிசை எண்தான். இருபது பேரிடம் பேசினேன். பதினோரு பேர் எடுக்கவில்லை. அவர்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

மனைவி சிரிக்கிறாள். "எடுத்தா, என்ன சொல்லித் தொலைச்சோமோன்னு கலங்குவீங்க. உங்க வயித்துக்கு லீவே கிடையாதா?"

அக்டோபர் 7, செவ்வாய்

தப்பு பண்ணிட்டேன். பெரிய தப்பு.

வரிசை எண் பதினேழு இன்றும் போனை எடுக்கவில்லை. லேப் டெக்னீஷியன் படிப்பு, இரண்டாம் ஆண்டு, மூன்று வாரமாக வரவில்லை. படிவத்தில் இன்னோர் எண் இருந்தது. அது அவசரத்துக்கு மட்டும். மாணவரைக் கேட்காமல் வீட்டைக் கூப்பிடக் கூடாது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்! ஆனாலும் விரல் முந்திக்கொண்டது.

அவளுடைய அக்கா எடுத்தாள். "உங்க தங்கச்சி மூணு வாரமா வரலையே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றேன். பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"தினமும் எட்டு மணிக்கு நான்தானே பஸ் ஏத்தி விடறேன்" என்றாள்.

அப்புறம் நான் என்ன உளறினேன் என்று ஞாபகமில்லை.

அக்டோபர் 8, புதன்

பதினேழு எடுக்கவில்லை. அக்காவும் எடுக்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

அந்தப் பெண்ணே வந்தாள். கையில் படிப்பை விடுவதாக ஒரு கடிதம்.

"அக்கா தையல் கடைக்கு வரச் சொல்லிட்டா சார். இனிமே நான் சொல்ற எதையும் நம்ப மாட்டாளாம்."

"உன்னைக் கேக்காம நான் கூப்பிட்டிருக்கக் கூடாதும்மா. என் தப்பு."

"ஆமா சார்" என்றாள். மரியாதைக்குக்கூட 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. ஏன் சொல்லணும்?

மூன்று வாரமாக பஸ் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளாம். பாடப் புத்தகத்தைப் படித்துக்கொண்டு! ஏன் வகுப்புக்கு வரவில்லை என்று கேட்டதும் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். செய்முறை வகுப்பில் ஒருவர் கையில் ஒருவர் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் பழக வேண்டும். இவள் பக்கத்துப் பெண்ணின் கையில் இரண்டு தடவை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. அந்தப் பெண் போட்ட சத்தத்தில் லேபே திரும்பிப் பார்த்திருக்கிறது. அந்தக் கை கன்றிப்போய்விட்டது. மறுநாளிலிருந்து இவள் கல்லூரி வாசல்வரை வருவாள், திரும்பிவிடுவாள்.

இருபது பேரிடம் சரியாக ரத்தம் எடுத்து, லேப் டீச்சரிடம் இருபது கையெழுத்து வாங்கினால்தான் ஆஸ்பத்திரிப் பயிற்சி. நவம்பர் பதினான்கு கடைசி நாள். பயிற்சி இல்லையென்றால் சான்றிதழ் இல்லை, வேலையும் இல்லை. இவள் நோட்டில் இருப்பது மூன்று.

கடிதத்தை வாங்கி வைத்தேன். பதிவேட்டில் ஏற்றவில்லை. அப்படி வைத்திருக்க எனக்கு அதிகாரம் இருக்கிறதா?

அக்டோபர் 10, வெள்ளி

இல்லையாம். மேலதிகாரி அம்மாளிடம் நானே போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"பன்னிரண்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு சின்னப்பிள்ளைத்தனமா? நடந்ததை எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தேன். கடிதத்தைக் கொஞ்ச நாள் ஏற்றாமல் வைக்கலாமா என்று கெஞ்சினேன். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"பதினேழாம் தேதி அஞ்சு மணி வரைக்கும். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

அக்டோபர் 13, திங்கள்

இந்தத் தடவை அவளிடம் முதலில் கேட்டேன்: உன் அக்காவைப் பார்க்க வரட்டுமா? 'வாங்க' என்று ஒரு சொல் பதில் வந்தது. போனேன்.

அக்கா துணியிலிருந்து நிமிரவே இல்லை. "பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா திட்டிட்டுச் சாப்பாடு போட்டிருப்பேன் சார். தினமும் இன்னிக்கு என்ன பாடம்னு கேட்டேன். தினமும் ஒண்ணு சொன்னா. நானும் வாயைப் பிளந்துக்கிட்டுக் கேட்டேன்."

"பாடம் பொய் இல்லீங்க. உட்கார்ந்திருந்த இடம்தான் பொய்" என்றேன்.

என் வாய் இருக்கிறதே! அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்து என்னைப் பார்த்த பார்வையில் கதவைத் தேடினேன். கடைசியில், தங்கை திரும்பக் கல்லூரிக்குப் போக ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். தினமும் ஐந்து மணிக்கு நான் 'வந்திருந்தாள்' என்று ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். "ஒரு நாள் சீட்டு வரலைன்னாலும் மறுநாள் இவ மெஷின்ல உட்காரணும்."

பத்தொன்பது வயசுப் பெண். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வெட்கமாக இருந்தது.

அக்டோபர் 17, வெள்ளி

நான்கு சீட்டு ஆயிற்று. கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் அதைக் கிழிக்கவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எதற்கு வைத்துக்கொண்டாள்?

அக்டோபர் 20, திங்கள்

பழகுவதற்கு வைத்திருக்கிற ரப்பர் பொம்மைக் கையில் பிரமாதமாக எடுக்கிறாள் என்கிறார் லேப் டீச்சர். "ஆனா அவகிட்ட கையை நீட்ட ஒருத்தரும் வர மாட்டேங்கிறாங்க சார்." சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தார். ஊசி என்றால் எனக்கு ஆகவே ஆகாது. போன தடவை ரத்தப் பரிசோதனையில் மயங்கி விழுந்து, நர்ஸ் பிஸ்கட் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினாள்.

அக்டோபர் 21, செவ்வாய்

நீட்டினேன்.

மேல்கையில் பட்டையைக் கட்டினாள். விரலால் தடவித் தடவி நரம்பைத் தேடினாள். எனக்கு நரம்பு இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. முதல் குத்து தவறியது. அவள் முகம் வெளுத்துவிட்டது, ஊசியை எடுத்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

"வலிக்குதா சார்?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இந்தப் பெண்ணிடம் எதற்குப் பொய்? "வலிக்குது. அதனால என்ன, அடுத்த கையில எடு."

எடுத்துவிட்டாள். "கண்ணைத் திறங்க சார், முடிஞ்சிருச்சு" என்று சத்தம் கேட்டது. திறந்தேன். குழாயில் என் ரத்தம். உடனே மறுபடி மூடிக்கொண்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரித்த பையனே சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுத்ததாக வந்து உட்கார்ந்தான். நோட்டில் ஐந்து.

அக்டோபர் 31, வெள்ளி

ஒன்பது. நாள் போகிற வேகத்துக்கு இது போதாது. ஐந்து மணிக்கு வருகிறாள், சீட்டை வாங்குகிறாள், போகிறாள்.

நவம்பர் 7, வெள்ளி

பதினைந்து. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பதவி உயர்வு இந்த வருடம் இல்லை. மனைவியிடம் சொன்னேன். "சரி விடுங்க, ஒரு கவலை ஒழிஞ்சது" என்றாள்.

நவம்பர் 12, புதன்

ஐந்து மணிக்கு அவள் வரவில்லை.

ஐந்து பத்து. இல்லை. ஐந்தே கால். யாருக்கும் போன் பண்ணாமல், சீட்டை எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடினேன். மாடிப்படியில் மூச்சு வாங்கியது. படிப்பை விடுகிற அந்தக் கடிதம் இன்னும் அவள் பையில்தானே இருக்கிறது?

லேபில் விளக்கு எரிந்தது. வாட்ச்மேன் நாற்காலியில் கையை நீட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவள் குனிந்திருந்தாள். "உள்ளே வராதீங்க சார், அப்படியே நில்லுங்க" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். நின்றேன். எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தி, குழாயில் பெயர் ஒட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"பத்தொன்பது சார்!" அப்புறம் என் கையில் இருந்ததைப் பார்த்தாள். "ஐயோ, சீட்டு! உங்ககிட்ட சொல்லவே மறந்துட்டேன். வேணாம்னு காலையில பஸ் ஏத்திவிடறப்பவே அக்கா சொல்லிட்டா."

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல சார். நான் சொன்னாலே போதுமாம்."

படியிறங்கி வந்து, கடைசிப் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.