அம்மா பிடித்துக்கொள்ள ஒரு கம்பி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். உன் இருமல் நின்றதா? ஹார்டுவேர் கடையில் என் மானம் போன கதையை அம்மா உனக்குச் சொல்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன். பாதி மானமாவது மிஞ்சும்.

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவால் பஸ் படி ஏற முடியவில்லை. இந்தத் திங்கட்கிழமையும் வேலைக்கு வராவிட்டால் வேறு ஆள் பார்ப்போம் என்று அவளுடைய அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். என் பைக்கில் போகலாமென்றால், ஏறும்போது பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அதனால் பின் சீட்டுக்கு ஒரு கைப்பிடிக் கம்பி வாங்கினேன். மெக்கானிக் எதற்கு, நானே மாட்டுகிறேன் என்று வீறாப்பு பேசியதில்தான் வந்தது வினை.

ஸ்பேனர் வாங்க, போல்ட் தலையை டேப் வைத்து அளந்தேன். காலமெல்லாம் ஜவுளிக்கடையில் துணி அளந்த கை சும்மா இருக்குமா? தாராளமாகவே அளந்து, ஒரு சைஸ் பெரிதாக வாங்கி வந்துவிட்டேன். முடுக்க முடுக்க அது வழுக்கி, போல்ட் தலையும் என் தலை மாதிரியே வழுவழுவென்று ஆகிவிட்டது.

கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "ஐயா, இது என்ன சட்டையா, துவைச்சா சுருங்கும்னு பெருசா வாங்க?" என்றார். கடையே சிரித்தது. வீட்டில் சொன்னேன், அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து இப்போதுதான் பார்த்தேன்.

பிறகு, கடையில் சிரித்ததை மட்டும் மறைத்துவிட்டு உன்னிடம் போனில் யோசனை கேட்டேனே, நீ சொன்னபடியே செய்தேன். அளக்கவில்லை. கடைக்காரர் கொடுத்த கவ்வுகிற பிளேயரால் பழைய போல்ட்டைக் கழற்றி, புதுசு வாங்கி, அதன் தலையில் மாட்டிப் பார்த்தே ரிங் ஸ்பேனர் வாங்கினேன். ஆறு பக்கமும் ஆடாமல் பிடித்துக்கொண்டது. எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் திருகிவிட்டு, அப்புறம்தான் ஸ்பேனரைத் தொட்டேன். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து டார்ச் அடித்தாள், போல்ட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும்.

கம்பியைப் பிடித்து நானே தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. அம்மாவுக்குத்தான் நம்பிக்கையில்லை. "என்னங்க, கையோட வந்துடாதே?" என்றாள்.

"வண்டி வேணா கூட வரும், கம்பி வராது" என்றேன்.

ஏறிவிட்டாள். தெருக்கோடி வரை போய் வந்தோம். இறங்கியதும் அச்சகத்துக்குப் போன் போட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

இன்று காலை கொண்டுபோய் விட்டேன். வந்து பார்த்தால் வீடு வெறிச்சென்று இருக்கிறது. இத்தனை நாள் பேப்பருக்குச் சண்டை போட்டுக்கொண்டு, அவளோடு இரண்டாவது காபி குடித்துப் பழகிவிட்டேன். அதை நினைத்துத்தான் அன்று கடைசிப் போல்ட்டை முடுக்கும்போது கை ஒரு நொடி நின்றது. நீ பயப்படாதே, முழுசாகத்தான் முடுக்கினேன்.

வேளைக்குச் சாப்பிடு கண்ணு, நன்றாக இரு. மத்தியானம் அம்மாவுக்கு ஒரு போன் போடு. இதை மட்டும் சொல்லாதே. அச்சக வாசலில் "முட்டியைப் பார்த்துக்கோ" என்றேனே தவிர, "இன்னும் ஒரு வாரம் என்கூட இருந்துட்டுப் போயேன்" என்று சொல்லவில்லை.

உன் அப்பா