நிழல் என் பங்கு, தண்ணீர் உன் பங்கு

நான் மரத்தைக் கட்டிக்கொண்டு அழவில்லை. தெருவில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம், பால் போடும் பெண் வந்து சொன்னாள். நடந்தது வேறு. பக்கத்து வீட்டுப் புங்கமரத்தை வெட்ட ஆள் வந்தபோது, நம் காம்பவுண்டு சுவர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். “இந்த வெயில் காலம் முடியட்டுமே, அப்புறம் வெட்டக்கூடாதா?” என்று மரியாதையாகத்தான் கேட்டேன். கேட்கும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. கண்ணில் ரம்பத்தூள் விழுந்தது, துடைத்துக்கொண்டேன். இதற்குப் பெயர் அழுகை இல்லை.

வெட்டிய கட்டைகளை இன்னும் எடுத்துப்போகவில்லை. அவற்றின் பச்சைக் கசப்பு வாசனை ஜன்னல் வழியாக வந்து வீடெல்லாம் நிற்கிறது. வாசனை வரும் அதே பக்கமிருந்து இப்போது மத்தியான வெயிலும் வருகிறது. பின்பக்கம் உன் கோரல் பெல்ஸ் செடித் தொட்டி இருக்கும் மூலையில், இத்தனை வருஷமாகக் கோடையில் விழாத வெயில். இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். வேறு யாரிடம் சொன்னாலும் “ஒரு செடிக்கா இவ்வளவு?” என்கிறார்கள்.

உன் அண்ணன் இறந்த வருஷம்தான் நீ ஏற்காட்டில் பள்ளி விடுதி வார்டன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தாய். சேலத்திலிருந்து அரூர், செங்கம் வழியாக வரும் பஸ்ஸில், பெட்டியை எங்கேயோ போட்டுவிட்டு, தொட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாய். திராட்சை ரசத்தின் நிறத்தில் இலைகள், பிஸ்கட் ஓரம் போல வளைவு வளைவாக. “என்ன பாத்துக்க வேணாம் அண்ணி. இத பாத்துக்கோங்க, போதும்” என்றாய்.

“இது குளிர்ப் பிரதேசத்துச் செடி. இந்த ஊர் மலை பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்கக் கக்கும். இது பிழைக்காது” என்றேன்.

“நானுங்கூட குளிர்ல இருந்த ஆளுதான். நான் பொழைக்கப் போறேன் இல்ல?”

முதல் மாதம் சண்டையிலேயே போயிற்று. நான் காலையில் தண்ணீர் ஊற்றினேன் என்று தெரியாமல் நீயும் ஊற்றுவாய். நீ தொட்டியை நகர்த்தினால் நான் மறுபடி நகர்த்துவேன். ஒரு நாள் செடி நடுவில் அழுகத் தொடங்கி, இலைகள் ஈரத்துணி போலச் சாய்ந்துவிட்டன. அன்றைக்குத்தான் நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாய். “சொத்து பிரிக்கிற மாதிரி பிரிச்சிக்கலாம் அண்ணி. நெழல் உங்களுது, தண்ணி என்னுது. நீங்க என் பக்கம் வரக்கூடாது, நான் உங்க பக்கம் வரமாட்டேன்.”

நான் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டதை மீறுகிற வழக்கம் எனக்குக் கிடையாது. வேலூர் கான்வென்டில் சிஸ்டர்கள் அப்படித்தான் வளர்த்தார்கள். என் பங்கை முறையாகச் செய்தேன். சிமென்ட் தரையில் புங்கமரத்து நிழல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டேன். மாதத்துக்கு மாதம் அழித்து அழித்துப் போட்டேன். நீ வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, “இன்னா அண்ணி, பாண்டி ஆடப்போறீங்களா? சில்லு எடுத்தாரட்டுமா?” என்றாய். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். காலை இளவெயில் படும், பிறகு நாள் முழுக்க நிழல் என்கிற ஒரே இடத்தை அந்தக் கோடுகள்தான் காட்டின. மாசியில் புங்கமரம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும் நாட்களில் மட்டும் தொட்டியை மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோவேன். தளிர் விட்டதும் பழைய இடத்தில் வைத்துவிடுவேன்.

ஒரு தை மாதம் பூத்ததே, நினைவிருக்கிறதா? நூல் போல ஒரு தண்டு, அதில் மிளகளவு சிவப்பு மணிகள். “அண்ணி, வாங்க வாங்க. தண்ணி நேரத்துல கூப்பிட்டேன்னு சட்டம் பேசாதீங்க, இத பாருங்க!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாய். இரண்டு பேரும் பின்படியில் உட்கார்ந்தோம். காப்பி ஆறிப்போனதைக் கவனிக்கவில்லை.

“எங்க ஸ்கூல்ல வரிசையா பூக்கும். இங்க ஒண்டியா பூத்துட்ச்சு பாவம்” என்றாய்.

“அதற்கு என்ன பாவம்? இரண்டு வேலைக்காரிகள் இருக்கிறார்கள்” என்றேன். நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு நீ அவ்வளவு சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

போன ஐப்பசி மழையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாய். ஏறும்போதுகூட, “தண்ணிய நான் வந்து ஊத்திக்கிறேன், நீங்க தொடாதீங்க” என்றாய். தொடவில்லை. நீ வரவில்லை. மழை ஊற்றியது. தீபத்துக் கூட்டம் வந்து போயிற்று, மார்கழிப் பனியும் போயிற்று, உன் செடி நன்றாகவே இருந்தது. நீ இல்லை என்பதையே அது கவனிக்கவில்லை என்று அதன் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

பனி நின்ற பிறகு கவனித்துவிட்டது. நான் அளந்து ஊற்றினேன். இலை மஞ்சளானது. குறைத்தேன், ஓரம் கருகியது. அடித்தண்டு மண்ணை விட்டு மேலே எழும்பி மொட்டையாகத் தெரிந்தது. நிழலாவது என் கையில் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். புங்கமரம் தளிர் விட்டது. தொட்டியைப் பழைய இடத்தில் கொண்டுவந்து வைத்தேன். மறு வாரமே மெஷின் ரம்பத்தோடு ஆள் வந்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் வாடகைக்கு விட அறைகள் கட்டுகிறார். “பைப் லைன் அந்த பக்கமாத்தான் போவுது மேடம். செடிதானே? உள்ள தூக்கி வச்சிக்கோங்க” என்றார். உள்ளேயும் மாடிப்படிக்குக் கீழேயும் வைத்துப் பார்த்தேன், வெளிச்சம் போதாமல் வெளுத்தது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே வைத்தேன், சுவர்ச் சூட்டில் வாடியது. கொடியில் ஈரப் புடவையை விரித்தேன், மலைக்காற்றில் நின்று பார்ப்பதற்குள் காய்ந்துவிட்டது. வேங்கிக்கால் பக்கம் நர்சரிக்காரரிடம் போனேன். “இது ஊட்டி அயிட்டம் மேடம். இங்க வராது. தூக்கிப் போட்டுட்டு ஒரு போகன்வில்லா வச்சிக்கோங்க, சும்மா அள்ளிக்கினு பூக்கும்” என்றார்.

ஒரு கொத்து கறிவேப்பிலைகூட அடுத்த வீட்டில் கேட்காதவள் நான். நேற்று அவர்கள் கட்டடத்துக்குப் போய், சாரத்தில் கட்டியிருக்கும் பச்சை வலையில் ஒரு துண்டு கொடுங்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். “எதுக்கு பாட்டிமா, கோழி வளக்கறீங்களா?” என்றார். ஆமாம் என்றேன். கிழிசல் துண்டு ஒன்று கொடுத்தார். அதைக் கட்டுவதற்கு ஸ்டூல் மேல் ஏறி நின்று, இறங்கத் தெரியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

நீ போனபோதுகூட நான் இப்படி நிலைகுலையவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தேன், உன் புடவைகளை மடித்து வைத்தேன். இப்போது பாத்திரம் தேய்க்கும்போது கை நின்றுவிடுகிறது. இந்த ஊரில் எல்லாருக்கும் நான் மேடம், இல்லாவிட்டால் பாட்டி. அண்ணி என்று கூப்பிட நீ ஒருத்திதான் இருந்தாய். இந்தச் செடியும் போய்விட்டால் நான் யாருக்கும் அண்ணியாக இருந்ததற்கு எந்த அடையாளமும் இருக்காது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் பங்கைப் பற்றி என்னிடம் இருப்பதெல்லாம் என் காதில் இருப்பதுதான். காலையில் நான் முன்னறையில் பேப்பர் படிப்பேன், பின்பக்கம் வரமாட்டேன், சட்டம். குழாய் திறக்கும் சத்தம். மக் நிறையும் சத்தம். உன் செருப்பு தேயும். கொஞ்சம் தண்ணீர் விழும். பிறகு ஒன்றும் கேட்காது. நான் ஒரு செய்தியை முழுதாகப் படித்து முடிக்கும்வரை கேட்காது. அப்புறம் மறுபடி கொஞ்சம் தண்ணீர், உன் தொண்டைக் கனைப்பு, முடிந்தது.

சத்தங்களை அப்படியே செய்து பார்க்கிறேன். குழாயைத் திறக்கிறேன், மக்கை நிரப்புகிறேன், கொஞ்சம் ஊற்றுகிறேன். அதற்குப் பிறகு மக்கைப் பிடித்தபடி நிற்கிறேன், என்ன செய்வதென்று தெரியவில்லை. மண்ணுக்குள் விரல் விட்டுப் பார்த்தாயா? தொட்டிக்கு அடியில் நீர் வடிகிறதா என்று குனிந்தாயா? எழும்பிய தண்டுக்கு மண் அணைத்தாயா? பழுத்த இலையைக் கிள்ளினாயா? அல்லது அதனோடு ஏதாவது பேசினாயா?

நடுக்குருத்து மட்டும் இன்னும் பச்சையாக இருக்கிறது. அக்கினி நட்சத்திரம் தொடங்கவில்லை. தொடங்கினால் இந்தக் கிழிந்த வலை தாங்காது. அதற்குள் எனக்குத் தெரிய வேண்டும். நீ இறந்துவிட்டாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். ஆனாலும் பதில் தெரிந்தவள் நீ ஒருத்திதான் என்பதால் உன்னிடம் கேட்கிறேன். உன் பழைய கடிதங்களில் திருத்தியதுபோல, நீ எழுதுவதில் எந்தப் பிழை இருந்தாலும் இனி திருத்த மாட்டேன்.

முதல் தண்ணீர் ஊற்றிய பிறகு, இரண்டாம் தண்ணீர் ஊற்றும்வரை, நீ என்ன செய்தாய்? தயவுசெய்து எழுதிப் பதில் அனுப்பு.