அம்மா இறங்க வேண்டிய தீவு

மண்டி மொஹல்லா, மைசூரு
2 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

அஷ்வினி எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீங்களும் படகும் நலமாக இருக்க வேண்டும்.

முதலில் கோபம். எந்தத் தேதி என்று இரண்டு முறை கேட்டு எழுதிவிட்டேன். உங்கள் பதிலில் கடலின் நிறம்தான் இருக்கிறது. போனில் கேட்கவும் வழியில்லை. அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுகிறாள், ரகசியம் உடைந்துவிடும். அதற்காகத்தானே என் தோழி மனிஷா வீட்டு முகவரிக்கு எழுதச் சொன்னேன்? அவள் அப்பா ஒவ்வொரு கடிதத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தருகிறார்.

உங்கள் முதலாளி குடும்பத்தைக் கூட்டிவந்து ஒரு வாரம் படகில் வைத்துக்கொள்ளச் சொன்னார் என்று தீபாவளிக்கு எழுதினீர்கள். அன்றிலிருந்து நூலகத்தில் அந்தமான் புத்தகங்களாகப் படித்துத் திட்டம் போட்டிருக்கிறேன், தனித் தாளில் இத்துடன் வைத்திருக்கிறேன். முதலில் பவளப்பாறை. அடுத்து, பாய் விரித்தால் அரை நாளில் போய்விடலாம் என்று நீங்கள் சொன்ன ஆளில்லாத தீவு. அங்கே அம்மாதான் முதலில் இறங்க வேண்டும். நாம் இருவரும் படகிலேயே இருந்துவிட வேண்டும். அம்மா சமைக்கும் கெம்பம்மா மெஸ்ஸில் விடிவதற்கு முன்பிருந்து "ஆன்ட்டி, சாரு!" "ஆன்ட்டி, அன்னா!" என்று ரசத்துக்கும் சோற்றுக்கும் பையன்கள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் எனக்குப் பசிக்கிறது. யாருமே கூப்பிடாத ஓர் இடத்தில் அம்மா எப்படி இருப்பாள் என்று எனக்குப் பார்க்க வேண்டும்.

கெம்பம்மாவிடம் நானே தனியாகப் போய் லீவு கேட்டேன். உன் அம்மாவுக்குக் கேட்க வாயில்லையா என்றார். பிறகு ஏப்ரலில் ஒரு வாரம் தந்துவிட்டார், அம்மாவிடம் சொல்வதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். இனி தேதி சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

உங்கள் அன்பு மகள்,
அஷ்வினி


போர்ட் பிளேர்
15 பிப்ரவரி 2025

அன்பு அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. கோபப்படாதே சாமி. நல்ல செய்தி. ஏப்ரல் 13 புறப்பாடு, ஒரு வாரம். விமான டிக்கெட் முதலாளியே எடுக்கிறார். ஆதார் நகல் இரண்டும் அனுப்பி வை. உன் திட்டத்தைப் படித்து அசந்துவிட்டேன். என் மகளா இப்படி எழுதியது என்று இருந்தது.

உனக்கும் அம்மாவுக்கும் வெள்ளைச் சட்டை இரண்டிரண்டு எடுத்துக்கொள். அம்மா களி கிண்டும் கட்டையையும் மறக்காமல் பையில் வை. இங்கே கிடைக்காது. அம்மாவுக்கு இன்னும் பஸ்ஸில் வாந்தி வருகிறதா என்று எழுது. படகு ஆடும்.

அம்மாவிடம் மூச்சு விடாதே. வந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும்.

உன் அப்பா,
உதயகுமார்


மைசூரு
27 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். கடற்கரைக்குப் போகிறவர்கள் எதற்கு வெள்ளைச் சட்டை போட வேண்டும்? களி யாருக்கு? நீங்கள் களியைக் கண்டால் தட்டைத் தள்ளி வைப்பவர். எனக்கும் பிடிக்காது. அம்மா தனக்காக மட்டும் ஒருநாளும் கிண்டியதில்லை.

படகில் நம் மூவரைத் தவிர யார் வருகிறார்கள்? இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். கடல் என்ன நிறத்தில் இருக்கிறது என்று வேண்டாம். ஆதார் நகல் என்னிடமே இருக்கட்டும்.

மகள்,
அஷ்வினி


போர்ட் பிளேர்
10 மார்ச் 2025

அன்பு அம்மிணிக்கு,

நீ பெரிய பெண், புரிந்துகொள்வாய். பெங்களூரிலிருந்து இரண்டு குடும்பம் வருகிறது, எட்டுப் பேர். ஆள் அரவமே இல்லாத தீவாக வேண்டுமாம், ஆனால் மதியம் ஆனால் களியும் கீரைச் சாறும் வேண்டுமாம். இங்கே இருக்கும் சமையல்காரனுக்கு மீனும் நூடுல்ஸும்தான் வரும். என் வீட்டுக்காரி கைக்கு இணையில்லை என்று வாய்விட்டேன். முதலாளி பிடித்துக்கொண்டார். அப்படித்தான் அந்த அழைப்பே வந்தது.

இதில் என்ன தப்பு? என் சம்பளத்தில் உங்களை இங்கே கூட்டிவர முடியுமா? காலை, மதியம், ராத்திரி மட்டும்தான் வேலை. மற்ற நேரமெல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நீ தட்டு எடுத்துக் கொடுத்தால் போதும். அம்மா எங்கே இருந்தாலும் சமைக்கத்தானே போகிறாள்? கடலில் சமைக்கட்டுமே.

உன் திட்டத்தை முதலாளியிடம் காட்டினேன். அப்படியே விருந்தாளிகளுக்கு அனுப்பிவிட்டார். அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். பெருமைப்படு.

உன் அப்பா,
உதயகுமார்


மைசூரு
19 மார்ச் 2025

அப்பாவுக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை.

காலை, மதியம், ராத்திரி "மட்டும்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாளில் அதற்குமேல் என்ன இருக்கிறது? கெம்பம்மா மெஸ்ஸில் அம்மா நிற்கிற இடத்தில் ஒரு ஜன்னலாவது உண்டு. பாய்மரப் படகில் சமையலறை தளத்துக்குக் கீழே இருக்கும் என்று படித்தேன். நான் படித்துத் தெரிந்துகொண்டேன். நீங்கள் தினமும் அதில் இறங்கி ஏறுகிறீர்கள்.

பெருமைப்படச் சொல்கிறீர்கள். அந்தத் தீவில் இப்போது யாரோ இறங்குவார்கள். அம்மா கீழே மாவு கிண்டிக்கொண்டிருப்பாள். நான் வெள்ளைச் சட்டையில் தட்டோடு நிற்பேன். முகம் தெரியாத எட்டுப் பேருக்காகவா நான் நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன்?

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதங்களை முதலிலிருந்து படித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள்:

"எத்தன பேருக்காம்?"

எட்டுப் பேர், படகு ஆட்கள் தனி என்றேன். அடுப்பு கேஸ்தானா என்று கேட்டாள். மனதுக்குள் அரிசி அளக்க ஆரம்பித்துவிட்டாள் என்று தெரிந்தது. உங்கள் மேல் வந்த கோபம் அப்படியே அம்மா மேல் பாய்ந்தது. போகப் போகிறாயா என்று கத்தினேன்.

அம்மா துணியைக் கீழே வைத்தாள்.

"கத்தாத கண்ணு, பக்கத்து ஊட்ல கேக்கும். நாஞ் சொல்றத அப்படியே எழுது. பொண்டாட்டின்னு கூப்பிட்டா வர்றேன். வந்து சும்மா உக்காந்துக்குவேன், சோறு அவங்க போடட்டும். சமையக்காரின்னு கூப்பிட்டா, என்னைப் பேசி முடிக்க உங்கப்பன் யாரு? அந்த மொதலாளி எங்கிட்டப் பேசட்டும். ரெண்டுல எதுன்னு கேளு."

கொஞ்ச நேரம் கழித்து, "உன்னைத் தட்டுத் தூக்க வெக்கப் பாத்ததுக்கு மட்டும் நான் நேர்ல பேசிக்கறேன்," என்றாள்.

எழுதிவிட்டேன். ரெண்டில் எது?

அஷ்வினி


மைசூரு
16 ஏப்ரல் 2025

அப்பாவுக்கு,

பதில் வரவில்லை. மூன்று முறை போன் செய்தீர்கள். மைசூரில் வெயில் எப்படி, என் பரீட்சை எப்படி, மனிஷா வீட்டில் எல்லோரும் சுகமா என்று எல்லாம் கேட்டீர்கள். ஒவ்வொரு முறையும் நீங்களே சொல்வீர்கள் என்று அம்மா காத்திருந்தாள். நீங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆதார் நகலையும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. படகு இந்நேரம் புறப்பட்டிருக்கும். யார் களி கிண்டுகிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டாம்.

கெம்பம்மா கொடுத்த லீவை அம்மா திருப்பிக் கொடுக்கவில்லை. முதல் நாள் வழக்கமான நேரத்துக்கே எழுந்துவிட்டாள். எங்கே போவதென்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் உப்புமா செய்தேன். கட்டி கட்டியாக இருந்தது. தட்டைக் காலி செய்தாள். நேற்று கெம்பம்மாவே வாசலுக்கு வந்து, புது ஆள் வைக்கும் சாரு பிடிக்காமல் பையன்கள் திட்டுகிறார்கள், ஒருவேளை மட்டும் வந்துவிட்டுப் போ என்றார். அம்மா படுத்தபடியே கன்னடத்தில், "நானு லீவல்லித்தீனி அக்கா," என்றாள். லீவில் இருக்கிறேன் என்று. அதைச் சொல்லும்போது அவள் குரலுக்கே அது புதிதாக இருந்தது. கெம்பம்மா சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இதை எழுதும்போது மணி ஒன்பது. அம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை. நான் தெருவில் இறங்கி இட்லி வாங்கி வந்து மூடி வைத்திருக்கிறேன்.

மழைக்குப் படகைக் கரையேற்றியதும் ஜூனில் வருவீர்கள். வாருங்கள். வருவதற்கு முன் உங்களுக்கு என்ன சமைத்து வைக்கட்டும் என்று அம்மா கேட்டு எழுதச் சொல்வாள் இல்லையா, இந்த முறை சொல்லவில்லை.

நானும் கேட்கவில்லை.

அஷ்வினி